பதினாறு விண்ணப்பம், ஒரே ஒரு இன்டர்வியூ: இனி என்ன செய்யலாம்?

கேள்வி: மேடம், எனக்குச் சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். பிடிஎஸ் படித்து, ஹவுஸ் சர்ஜன் முடித்து, ஊரிலேயே ஒரு கிளினிக்கில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தேன். கல்யாணமாகி நியூஜெர்சி வந்து மூன்று ஆண்டு ஆகிறது. கணவரின் எச்1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசா. இங்குள்ள பல் மருத்துவ போர்டு தேர்வான ஐஎன்பிடிஇ பாஸ் செய்துவிட்டேன். இந்த முறை குழந்தைப் பல் மருத்துவ ரெசிடென்சிக்கு (பட்டத்துக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி) பதினாறு இடங்களில் விண்ணப்பித்தேன். நவம்பர் பிறந்துவிட்டது. ஒரே ஒரு இன்டர்வியூ அழைப்புதான் வந்திருக்கிறது. ஒரு இடம் இல்லை என்று எழுதிவிட்டது. மற்ற பதினான்கு இடங்களிலிருந்தும் பேச்சே இல்லை. வாட்ஸ்அப் குழுவில் தினமும் யாராவது "எனக்கு வந்துவிட்டது" என்று போடுகிறார்கள். நானே மெயில் எழுதிக் கேட்கலாமா? எந்த இடம் வேண்டும் என்று நாங்கள் வரிசைப்படுத்தித் தரும் ரேங்க் பட்டியலில், கிடைக்கும் என்று தோன்றும் இடத்தைத்தான் முதலில் போட வேண்டும் என்கிறார்களே, சரியா? மாமியார் வீட்டில் "பேசாமல் ஊருக்கு வந்து, பல் மருத்துவ மேற்படிப்புக்கான நீட் எம்டிஎஸ் எழுது" என்கிறார்கள். ராத்திரி தூக்கம் வருவதில்லை.
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, நியூஜெர்சி

பதில்: அன்புள்ள டாக்டர்,

(மூன்று வருடமாக உங்களை யாரும் இப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதனால் அப்படியே தொடங்குகிறேன்.)

முதலில் காலண்டரை எடுத்துப் பாருங்கள். இங்கே பல் மருத்துவ மேட்ச், அதாவது விண்ணப்பதாரர், புரோகிராம் இருவரின் விருப்பப் பட்டியலையும் வைத்துக் கணினி இடம் ஒதுக்கும் முறை, இரண்டு கட்டமாக நடக்கிறது. ஆர்த்தோ (பல் சீரமைப்பு), பெரியோ (ஈறு), ப்ராஸ்தோ (செயற்கைப் பல்) மூன்றும் முதல் கட்டம். குழந்தைப் பல் மருத்துவம், வாய்முக அறுவை சிகிச்சை, பொதுப் பல் மருத்துவப் பயிற்சிகளான ஜிபிஆர், ஏஇஜிடி எல்லாம் இரண்டாம் கட்டம். அதன் முடிவு ஜனவரிக் கடைசி வாக்கில்தான் வரும். எண்டோ (வேர் சிகிச்சை) இந்த மேட்சிலேயே இல்லை. அந்தப் புரோகிராம்கள் தாங்களே கூப்பிட்டு, தாங்களே இடம் கொடுத்துவிடும். உங்கள் குழுவில் செப்டம்பரிலேயே குதித்தவர்களில் எத்தனை பேர் ஆர்த்தோ, எத்தனை பேர் எண்டோ என்று பார்த்தீர்களா? அவர்கள் தேதியை வைத்து உங்கள் தேதியை அளக்க முடியாது. குழந்தைப் பல் மருத்துவத்துக்கு நவம்பரிலும் அழைப்புகள் போகும். கையில் ஆறேழு அழைப்பு வைத்திருப்பவர்கள் சிலவற்றை விட்டுக்கொடுப்பார்கள். அப்படிக் காலியாகும் இன்டர்வியூ நாள், பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போகும். அப்படி வருகிற மெயிலுக்கு அன்றைக்கே பதில் போட்டாக வேண்டும், ஸ்பேம் பெட்டியையும் சேர்த்துப் பாருங்கள். குழுவை ஜனவரி வரை மியூட்டில் போட்டால் நீங்கள் இழக்கப்போவது ஒன்றுமில்லை.

ஆனாலும் உங்களை வெறுமனே தேற்றி அனுப்ப எனக்கு விருப்பமில்லை. பதினாறில் ஒன்று என்றால் அதற்குக் காரணம் இருக்கும். அந்தக் காரணம் உங்கள் தகுதியில் இருக்கிறது என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கிறீர்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது பட்டியலை. அந்தப் பதினாறில் உண்மையிலேயே உங்களை எடுக்கக்கூடிய இடங்கள் எத்தனை?

அமெரிக்கப் பல் மருத்துவக் கல்விக்கு அங்கீகாரம் தருவது கோடா என்ற அமைப்பு. கோடா அங்கீகாரம் பெற்ற அமெரிக்கக் கல்லூரிகளிலோ கனடியக் கல்லூரிகளிலோ படித்தவர்களை மட்டுமே எடுக்கும் புரோகிராம்கள் நிறைய. சிலவற்றில் அது அந்த இடத்தின் கொள்கை. சிலவற்றில் மாநிலத்தின் சட்டம்: ரெசிடென்ட் நோயாளியைத் தொட மாநில வாரியத்தின் அனுமதி வேண்டும், வெளிநாட்டு பிடிஎஸ்-க்கு அந்த அனுமதி கிடைக்காத மாநிலத்தில் டைரக்டர் விரும்பினாலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட இடத்துக்கும் பாஸ் (PASS) என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பம் போய்ச் சேரும், கட்டணமும் போய்விடும். அந்தப் பக்கத்தில் வடிகட்டும்போது ஒரு மனிதர் படிப்பதற்கு முன்பே உங்கள் பெயர் விழுந்துவிடும். சில ஆண்டுகள் தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன், நல்ல விண்ணப்பம் எத்தனையோ இப்படிப் படிக்கப்படாமலே போகிறது. அது நிராகரிப்புகூட இல்லை. நீங்கள் அந்த வரிசையிலேயே நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது விசா. இதைத்தான் நம் பெண்கள் பலர் கடைசியில் கவனிக்கிறார்கள். மருத்துவமனை சார்ந்த புரோகிராம்கள் பொதுவாக ரெசிடென்டுக்குச் சம்பளம் கொடுக்கும். சம்பளம் என்றால் சட்டப்படி அது வேலை. எச்-4 விசாவில் படிக்கலாம், சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. 2015-ல் வந்த விதிப்படி, கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் நிறுவனம் போடும் மனு) அங்கீகாரம் ஆகியிருந்தால் நீங்கள் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை வாங்கலாம். அது கையில் இருந்தால் பல இடங்களில் விசாப் பேச்சே எழாது. இல்லையென்றால் அந்த மருத்துவமனை உங்களுக்காக ஜே-1 பரிமாற்ற விசா அல்லது எச்1பி ஏற்பாடு செய்யத் தயாராக இருக்க வேண்டும். சில இடம் செய்யும், சில இடம் ஒன்றை மட்டும் செய்யும், சில இடம் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைப் பார்க்கவே பார்க்காது. பல்கலைக்கழகம் சார்ந்த சில புரோகிராம்களில் நிலைமை தலைகீழ்: சம்பளம் கிடையாது, நீங்கள்தான் கட்டணம் கட்ட வேண்டும், ஆனால் விசா சிக்கல் குறைவு. உங்கள் கடிதத்தில் ஈஏடி பற்றி ஒரு வார்த்தை இல்லை. விண்ணப்பத்திலும் எழுதாமல் விட்டிருந்தால், பார்ப்பவர் "இல்லை" என்றுதான் எடுத்துக்கொள்வார்.

ஆகவே இந்த வாரம் ஒரு வேலை. பதினான்கு இடத்தின் இணையப் பக்கத்தையும் திறந்து, இந்த மூன்றை மட்டும் தேடுங்கள்: வெளிநாட்டுப் பட்டதாரியை எடுக்கிறார்களா, எந்த விசா, மாநில அனுமதி உண்டா. பக்கத்தில் இல்லாவிட்டால் இப்போது அங்கே படிக்கும் ரெசிடென்டுகளின் பட்டியலைப் பாருங்கள். இந்தியாவிலோ எகிப்திலோ கொலம்பியாவிலோ பல் மருத்துவம் முடித்த ஒருவராவது கடந்த சில பேட்ச்களில் இருந்தால் அது உயிருள்ள விண்ணப்பம். இப்படி வடிகட்டினால் ஐந்தோ ஆறோதான் மிஞ்சும் என்பது என் ஊகம். அழைத்த இடத்தையும் சேர்த்தால் ஆறேழில் ஒன்று, அது பதினாறில் ஒன்று மாதிரி இல்லை.

மெயில் எழுதலாமா என்று கேட்டீர்கள். மிஞ்சிய அந்த ஐந்தாறு இடங்களுக்கு மட்டும், ஒரே ஒரு முறை எழுதுங்கள். டைரக்டருக்கு எழுதுவதைவிட புரோகிராம் கோ-ஆர்டினேட்டருக்கு எழுதுவது பலன் தரும். இன்டர்வியூ நாட்களை அடுக்குவதும், காலியான இடத்தை நிரப்புவதும் அவர்தான். "என் விண்ணப்பத்தின் நிலை என்ன" என்று கேட்காதீர்கள், அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது. புதிதாகச் சொல்ல ஏதாவது வைத்துக்கொண்டு எழுதுங்கள்: ஈஏடி இருக்கிறது, நியூஜெர்சியில்தான் இருக்கிறேன், யாராவது கடைசி நேரத்தில் விலகினால் மறுநாளே நேரில் வர முடியும். ஐந்து வரி போதும், இணைப்பு எதுவும் வேண்டாம். பதில் வராவிட்டால் மறுபடி எழுதாதீர்கள். வாராவாரம் எழுதுபவர்களின் பெயர் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், அந்தப் பிரபலம் உதவாது. "எனக்கு டைரக்டரைத் தெரியும், பணம் கொடுத்தால் இன்டர்வியூ வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் அந்த எண்ணைப் பிளாக் செய்துவிடுங்கள்.

இனி உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு இன்டர்வியூ. உங்கள் கடிதத்தில் அதற்கு ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள், வராத பதினான்குக்குத்தான் மீதி எல்லாம். எனக்கு இதுதான் கவலையாக இருக்கிறது.

நம் ஊரில் படித்தவர்களிடம் இன்டர்வியூவில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வைவா (வாய்மொழித் தேர்வு) பழக்கம். "நான்கு வயதுப் பையன், கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ்க்கட்டி, நாற்காலியில் ஏறவே மாட்டேன் என்கிறான். என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, "பிஹேவியர் மேனேஜ்மென்ட் இரண்டு வகைப்படும், மருந்து சார்ந்தது, மருந்து சாராதது" என்று தொடங்கிவிடுவார்கள். குழந்தையின் ஒத்துழைப்பை அளக்கும் ஃப்ராங்க்ல் அளவுகோலின் நான்கு நிலையும் வரிசை மாறாமல் வரும். எக்ஸ்டர்னல் எக்ஸாமினருக்கு முன்னால் அதற்கு மார்க் உண்டு. இங்கே அந்தக் கேள்வியைக் கேட்பவர், அடுத்த ஜூலையில் இரவு அழைப்பு வரும்போது இந்தப் பெண்ணைத் தனியாக எமர்ஜென்சிக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். காய்ச்சல் இருக்கிறதா, முகம் வீங்கியிருக்கிறதா, விழுங்க முடிகிறதா, கடைசியாக எப்போது சாப்பிட்டான், அம்மா என்ன எதிர்பார்த்து வந்திருக்கிறார் என்று நீங்கள் முதலில் கேட்க வேண்டும். இன்றைக்கே செய்தாக வேண்டியது எது, தள்ளிப்போடக்கூடியது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். "எனக்குத் தெரியாத இடத்தில் அட்டெண்டிங் டாக்டரை (பொறுப்பு மூத்த மருத்துவரை) கூப்பிடுவேன்" என்று எந்தப் புள்ளியில் சொல்வீர்கள் என்பதையும் கவனிப்பார்கள். ஊரில் நீங்கள் பார்த்த அப்படி ஒரு குழந்தையைப் பெயர் சொல்லாமல் விவரித்தாலே போதும். அந்த இரண்டு வருடத்தில் ஒரு குழந்தையாவது உங்களைக் கடித்திருக்கும். அந்தக் கதையைச் சொல்லலாம், தப்பில்லை.

"நாங்கள் செய்தோம், எங்கள் துறையில் செய்வார்கள்" என்று பன்மையில் ஒளிந்துகொள்வதும் நம் பழக்கம்தான். மூத்தவர்கள் முன்னால் "நான்" என்று சொல்லக் கூச்சப்படுகிறோம். நீங்கள் செய்ததை நீங்கள் செய்ததாகச் சொல்லுங்கள். பல்பெக்டமி (பால் பல்லின் வேர் சிகிச்சை) எத்தனை செய்தீர்கள் என்று கேட்டால் ஒரு எண்ணைச் சொல்லுங்கள், சின்ன எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை.

தருமபுரிக்கு வருவோம். உங்கள் பெர்சனல் ஸ்டேட்மென்டில் அதைப் பற்றி எழுதினீர்களா? எழுதியிருக்க மாட்டீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். "சின்ன வயதிலிருந்தே குழந்தைகள் என்றால் பிரியம்" என்று தொடங்கும் ஸ்டேட்மென்டுகள் ஒரு சீசனில் எத்தனை வரும் என்று உங்களுக்குத் தெரியாது. தருமபுரியின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய கிணறுகள் அங்கே சாதாரணம். பழுப்பேறிய, குழி விழுந்த பல்லோடு வரும் பிள்ளைகளை நீங்கள் வெளிநோயாளிப் பிரிவில் தினமும் பார்த்திருப்பீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே இந்தச் சிக்கலால்தான். இங்கே கதை நேர்மாறு. 1945-ல் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் உலகிலேயே முதலாவதாகக் குடிநீரில் ஃப்ளோரைடு சேர்க்கத் தொடங்கியது. இன்று பரிந்துரைக்கப்படும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். 2025-ல் யூட்டாவும் பிறகு ஃப்ளோரிடாவும் நீரில் ஃப்ளோரைடு சேர்ப்பதைத் தடை செய்தன. எனவே இன்டர்வியூவில் "ஃப்ளோரைடு வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரிடம் எப்படிப் பேசுவீர்கள்?" என்ற கேள்வி வர நல்ல வாய்ப்பு உண்டு. பாஸ்டனில் படித்த மாணவி புத்தகத்தில் இருப்பதைச் சொல்வாள். அளவு மீறினால் பல் என்ன ஆகும் என்று நூற்றுக்கணக்கான வாய்களில் பார்த்த உங்களால், "உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது, அந்த அளவு வேறு, இந்த அளவு வேறு" என்று அந்தப் பெற்றோரிடம் சொல்ல முடியும். அந்த அறையில் வேறு யாரிடமும் இது இருக்காது.

கூடவே ஏழைக் குழந்தைகள், அவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட். 2007-ல் மேரிலாந்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் சொத்தைப் பல்லின் தொற்று மூளைக்குப் பரவி இறந்தான். குடும்பத்தின் மெடிக்கெய்ட் விட்டுப்போயிருந்தது, பல் பார்க்க ஆளும் கிடைக்கவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் யாரும் அதை மறக்கவில்லை. நீங்கள் போகும் மருத்துவமனை எந்தக் குழந்தைகளைப் பார்க்கிறது, எவ்வளவு நாள் காத்திருப்பு, வாரத்தில் எத்தனை நாள் ஆபரேஷன் தியேட்டர் என்று நீங்களே அவர்களிடம் கேளுங்கள். ரெசிடென்டுகளோடு மதிய உணவு இருக்கும். அதையும் இன்டர்வியூ என்றே நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நன்றாகச் சாப்பிடுங்கள்.

ரேங்க் பட்டியல் பற்றி உங்கள் நண்பர்கள் சொன்னது தப்பு. பலரும் நம்பும் தப்பு என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். மேட்ச் நடத்தும் கணினி, விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்குகிறது. முதலில் உங்கள் முதல் விருப்பத்தில் உங்களைப் பொருத்திப் பார்க்கும். அங்கே இடம் இல்லாவிட்டால்தான் இரண்டாவதுக்குப் போகும். அப்படிப் போகும்போது, "இவள் எங்களை இரண்டாவதாகப் போட்டவள்" என்பது அந்த இரண்டாவது இடத்துக்குத் தெரியவே தெரியாது. உங்களைவிடக் கீழே அவர்கள் வைத்த ஒருவர் அங்கே தற்காலிகமாக உட்கார்ந்திருந்தால், அவரை எழுப்பிவிட்டு உங்களுக்குக் கொடுக்கும். ஆசைப்பட்ட இடத்தை மேலே போட்டதால் கீழே உள்ள இடம் கைநழுவுவது என்பது நடக்காது. இந்தக் கணக்கின் வேர் கேல், ஷேப்லி என்ற இருவர் 1962-ல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. அந்த ஷேப்லிக்கும், மருத்துவ மேட்சைச் சீரமைத்த ஆல்வின் ராத்துக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. வாட்ஸ்அப் குழுவைவிட அவர்களை நம்பலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: முடிவு வந்தால் அது இருவரையும் கட்டுப்படுத்தும். வேண்டாம் என்று பிறகு சொல்ல முடியாது. போகவே முடியாத ஊர், கட்டவே முடியாத கட்டணம் என்றால் அந்த இடத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். "எங்களை முதலில் போடுவீர்களா?" என்று எந்த இடமும் உங்களிடம் உறுதி கேட்கக் கூடாது என்பது மேட்சின் விதி. யாராவது சுற்றி வளைத்துக் கேட்டால், அந்த இடத்தில் உங்களுக்கு உண்மையில் பிடித்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாமியார் வீட்டுக் கேள்வி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மகனும் மருமகளும் பக்கத்தில் இருந்தால் நல்லது என்ற எண்ணமும் அதில் இருக்கலாம். ஆனால் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: இந்தியாவில் மூன்று வருட எம்டிஎஸ் முடித்தாலும், அதை மட்டும் வைத்து இங்கே ஸ்பெஷலிஸ்டாகப் பிராக்டிஸ் செய்ய முடியாது. திரும்பி வந்தால் மறுபடி இதே வாசலில்தான் நிற்பீர்கள். நீங்களும் உங்கள் கணவரும் ஊரில் செட்டில் ஆவது என்று முடிவெடுத்தால் எம்டிஎஸ் நல்ல வழி, நானே எழுதச் சொல்வேன். அந்த முடிவை இரண்டு பேரும் உட்கார்ந்து எடுங்கள். இன்டர்வியூ வரவில்லை என்ற கோபத்தில், இந்த நவம்பரில் எடுக்காதீர்கள்.

தூக்கம் இல்லை என்றீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். மனசு சரியில்லை என்று டாக்டரிடம் போக நம்மவர்கள் தயங்குவார்கள், நீங்கள் தயங்க வேண்டாம்.

கடைசியாக, இதே மேட்சில் இன்னும் ஒரு வழி இருக்கிறது. ஏஇஜிடி, ஜிபிஆர் இரண்டும் உங்கள் கட்டத்தில்தான் வருகின்றன. வெளிநாட்டுப் பட்டதாரிகளை எடுக்கும் இடங்கள் அவற்றிலும் உண்டு, பெரும்பாலும் ஒரு வருடம். விண்ணப்பம் இன்னும் திறந்திருக்கும் இடங்கள் சில இருக்கலாம், இன்றைக்கே பாஸ் தளத்தில் தேடுங்கள். குழந்தைப் பல் மருத்துவத்துக்குக் கீழே அவற்றை ரேங்க் செய்யலாம். அந்த ஒரு வருடம் முடியும்போது, உங்கள் கைவேலையை இங்கே நேரில் பார்த்த ஒருவர் எழுதிய பரிந்துரைக் கடிதம் கிடைக்கும். "கடின உழைப்பாளி, நேர்மையானவர்" என்று நம் கல்லூரிகளிலிருந்து அச்சடித்தாற்போல் வரும் கடிதத்தைவிட அதற்கு எடை அதிகம். பிடிஎஸ் மதிப்பெண் பற்றியும் ஒரு வார்த்தை: நமக்கு 75 சதவீதம் என்றால் டிஸ்டிங்ஷன், இங்கே பார்ப்பவருக்கு அது சுமாரான மார்க். போர்டு தேர்வில் 2012 முதலே பாஸ், ஃபெயில் மட்டும்தான் தெரிகிறது, அதனால் ஐஎன்பிடிஇ உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டாது. அடுத்த மே மாதம் பாஸ் மறுபடி திறக்கும்போது விண்ணப்பிக்க வேண்டி வந்தால், அதற்குள் மேற்படிப்புச் சேர்க்கைக்கான அடாட் தேர்வை எழுதிவிடுங்கள். 200 முதல் 800 வரை போகும் அதன் மதிப்பெண் யாருக்கும் புரியும்.

ஜனவரியில் பெயர் வராவிட்டால், நிரம்பாத இடங்களின் பட்டியலை மேட்ச் நடத்துபவர்கள் அன்றே காட்டுவார்கள். அதன் பிறகு மேட்ச் இல்லை, முந்தியவருக்கு இடம். டிசம்பர் முடிவதற்குள் ஈசிஇ அறிக்கை (வெளிநாட்டுப் படிப்பை இங்குள்ள முறைப்படி மதிப்பிடுவது), ஐஎன்பிடிஇ முடிவு, டோஃபல், ஈஏடி நகல், ஒரு பக்க சிவி எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்து ஃபோனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த மாநிலத்தில் உங்களுக்கு ரெசிடென்ட் அனுமதி கிடைக்கும் என்ற குறிப்பையும் அதோடு வைத்திருந்தால், பட்டியல் வந்த பத்தாவது நிமிடத்தில் யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.